வளாகம் திறந்த நாளும் மாணவர் வந்து சேர்ந்த நாளும்



பெருந்தொற்றுக்குப் பிறகு எப்போது திறந்தீர்கள் என்று கேட்டால், எந்தப் பல்கலைக்கழகமும் ஒரு தேதியைச் சொல்லிவிடும். அந்தத் தேதி அயல்நாட்டு மாணவருக்குப் பெரும்பாலும் பொருந்தவில்லை. ஆஸ்திரேலியா 2020 மார்ச் 20 அன்று வெளிநாட்டவருக்கு எல்லையை மூடியது. விசாவும் முழுத் தடுப்பூசியும் பெற்ற மாணவர்கள் தனி அனுமதி இல்லாமல் நுழைவதற்கு 2021 டிசம்பர் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் அந்நாட்டு வளாகங்கள் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. மெல்போர்னில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் வகுப்புக்குச் சென்னை மாணவர் குளிர்காலப் பருவத்தில் விடியற்காலை நாலரைக்கே கணினி முன் உட்கார வேண்டும். வளாகம் திறந்திருந்தும் அவருக்கு அது திறக்கவில்லை.

வீட்டு வாசலிலிருந்து வகுப்பறை வரை உள்ள வழி முழுவதற்கும் கல்வி நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்பதே இந்த உரை முன்வைக்கும் கருத்து. விசா அரசின் வேலை, தடுப்பூசி சுகாதாரத் துறையின் வேலை, வாடகை மாணவரின் வேலை என்று பங்கு பிரித்த இடங்களில் மாணவர் நடுவழியில் நின்றார். அந்த நாட்டில் அவருக்கு ஓட்டு இல்லை, உறவு இல்லை. அவர் பெயர் இருக்கும் ஒரே பதிவேடு கல்லூரியினுடையது.

அமெரிக்காவில் நடந்தது இதற்குச் சான்று. முழுக்க இணையவழியில் படிக்கும் அயல்நாட்டு மாணவர்கள் நாட்டில் தங்க முடியாது என்று குடிவரவுத் துறை 2020 ஜூலை 6 அன்று அறிவித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டு மாணவர்கள் படித்த நாடு அது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் ஜூலை 8 அன்றே வழக்குப் போட்டன, வேறு பல பல்கலைக்கழகங்கள் துணை நின்றன. ஜூலை 14 அன்று பாஸ்டன் நீதிமன்றத்தில் அரசு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. தனி மாணவர் ஒருவர் எட்டு நாளில் இதைச் சாதித்திருக்க முடியுமா? ஆனால் அந்த வெற்றி ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு மட்டுமே பயன்பட்டது. முழுவதும் இணையவழிப் பாடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தப் பருவத்தில் நாட்டுக்குள் வர முடியவில்லை.

பணம் அடுத்த சிக்கல். செலவைச் சமாளிக்க முடியாத அயல்நாட்டு மாணவர்கள் தாய்நாடு திரும்பலாம் என்ற பொருளில் 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மோரிசன் பேசினார். உணவகத்தில் பகுதிநேர வேலை பார்த்து வாடகை கட்டியவர்களுக்கு ஊரடங்கில் அந்த வேலை போயிருந்தது. நடுவண் அரசின் ஊதிய உதவித் திட்டமும் தற்காலிக விசாக்காரர்களைச் சேர்க்கவில்லை. விக்டோரியா மாநில அரசு கல்வி நிறுவனங்களையும் கூட்டிக்கொண்டு, ஒருவருக்கு 1,100 டாலர் வரை நிவாரணம் தர முன்வந்தது. கட்டணத்தைத் தவணையாக வாங்குவதும் நிதி உதவியை மாணவர் கேட்கும் முன்பே அறிவிப்பதும் எந்தக் கல்லூரியாலும் முடிகிற காரியங்கள்.

இந்த அவை ஊன்றிப் பார்க்க வேண்டிய முன்மாதிரி கனடாவினுடையது. 2020 அக்டோபர் 20 முதல் அந்நாடு அயல்நாட்டு மாணவர்களை அனுமதித்தது, ஆனால் எல்லா நிறுவனங்களுக்கும் அல்ல. தயார்நிலைத் திட்டம் எழுதி, மாகாண அரசின் ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் மாணவர்கள் மட்டுமே வரலாம். பதினான்கு நாள் தனிமையில் மாணவர் எங்கே தங்குவார், உணவும் மருந்தும் எப்படிக் கிடைக்கும், புறப்படும் முன் அவருக்கு என்ன தகவல் போகும், வளாகத்தில் தொற்று வந்தால் என்ன செய்வது என்பதற்கெல்லாம் நிறுவனமே பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒப்புதல் பெற்றவற்றின் பட்டியலை அரசு வெளியிட்டதால், டிக்கெட் வாங்கும் முன்பே பெற்றோர் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. பொறுப்பு யாருடையது என்பது எழுத்தில் இருந்ததுதான் இதன் சிறப்பு.

சிறிய அளவில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரமும் இதைச் செய்தது. சார்லஸ் டார்வின் பல்கலைக்கழகம் 2020 நவம்பர் 30 அன்று சிங்கப்பூரிலிருந்து தனி விமானத்தில் 63 மாணவர்களை வரவழைத்து, ஹவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாமில் தனிமைப்படுத்தி, பிறகு வகுப்புக்கு அழைத்துக்கொண்டது. எண்ணிக்கை சிறிதுதான். எல்லை மூடியபின் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிய முதல் மாணவர் குழு அது என்பதால், வழி உண்டு என்று காட்டியது. பிரிட்டனிலோ 2021 ஏப்ரலில் இந்தியா சிவப்புப் பட்டியலுக்குப் போனபோது விடுதித் தனிமைக்கு 1,750 பவுண்டு கட்டணம். அதைத் தாங்களே ஏற்ற பல்கலைக்கழகங்களும் இருந்தன, மாணவர் தலையில் விட்டவையும் இருந்தன.

தடுப்பூசிக் குழப்பம் நம் பிள்ளைகளை நேராகத் தொட்டது. கோவாக்சினை உலக சுகாதார நிறுவனம் 2021 நவம்பர் 3 அன்றுதான் ஏற்றது. ஆகஸ்டிலேயே வகுப்பு தொடங்கிய அமெரிக்க வளாகங்கள் பல, அதைப் போட்டவர்களை மறுபடி வேறு தடுப்பூசி போடச் சொன்னன. கோவிஷீல்டின் இரண்டாம் தவணைக்கு 84 நாள் இடைவெளி இருந்ததை, வெளிநாடு செல்லும் மாணவர்களுக்கு 28 நாள் கழித்தே போடலாம் என்று இந்திய அரசு 2021 ஜூனில் தளர்த்தியது. சரியான முடிவு. எந்தத் தடுப்பூசி செல்லும், செல்லாவிட்டால் வளாகத்திலேயே போடுவார்களா என்று சேர்க்கைக் கடிதத்திலேயே எழுதியிருந்தால் எத்தனையோ வீடுகளில் பதற்றம் குறைந்திருக்கும்.

மிகக் கடினமான பாடு சீனாவில் மருத்துவம் படித்தவர்களுடையது. 2020 மார்ச் இறுதியில் மூடிய வழி, இந்திய மாணவர்களுக்கு 2022 ஆகஸ்டில்தான் விசா வடிவில் மீண்டும் திறந்தது. தமிழக மாணவர்கள் உட்பட இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டுத் திரையில் பாடம் கேட்டார்கள். நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் பயிற்சியை எந்தத் திரையும் தராது. ஊர் திரும்பி, 2022 ஜூன் 30-க்குள் இறுதியாண்டை முடித்தவர்கள் தகுதித் தேர்வு எழுதலாம், ஆனால் ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு உள்ளிருப்புப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் வழி செய்தது. இழந்த மருத்துவமனை நாட்களை ஈடுகட்ட, அவர்களைச் சேர்த்துக் கட்டணம் வாங்கிய கல்லூரிகள் என்ன ஏற்பாடு செய்தன? மாணவரின் சொந்த ஊர் மருத்துவமனையோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட முடியாதா? நடுவில் நின்றுபோன அந்த இளைய மருத்துவர்களையே அழைத்துக் கேட்டு, அந்த ஒப்பந்தத்தின் வரைவை இக்கருத்தரங்கின் மருத்துவக் கல்வி அமர்வு எழுதித் தரவேண்டும் என்று இந்த உரை கேட்டுக்கொள்கிறது.