மாட்டுக்கு வைக்கோல், நமக்கு?
(பண்ணை ஒலிபரப்பில் பேசியது)



மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் கால்நடை மருந்தகத்து வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. திருக்கோவிலூரைச் சுற்றி, தென்பெண்ணைக் கரையோர ஊர்களிலிருந்து மாட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். "ஐயா, ராத்திரியிலிருந்து அசை போடலை, வயிறு உப்பிக்கிச்சு, படுத்தது எழுந்திருக்கலை" என்பார்கள். என்ன தீனி போட்டீங்க என்று கேட்டால் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அதுக்கும் பண்டிகைதானே, ஒரு குண்டான் பொங்கல் வெச்சோம்" என்று பதில் வரும். சில மாடுகளைப் பிழைக்க வைத்துவிடலாம். சிலது போய்விடும்.

சோறு விஷமா? இல்லை. மாடு வைக்கோலைத் தானாகச் செரிப்பதில்லை. அதன் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கிற ஒரு தொட்டி. அதற்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் நாரை நொதிக்க வைத்து அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலத்தை வைத்துத்தான் மாடு உயிர் வாழ்கிறது, பால் சுரக்கிறது. நார்த் தீனி குறைந்தால் பாலில் கொழுப்பு குறையும். சொசைட்டியில் விலையும் குறையும். இது உங்களுக்கே தெரியும். திடீரென்று சோற்றைக் கொட்டினால், மாவுச்சத்தைத் தின்னும் வேறு வகைக் கிருமிகள் கட்டுக்கடங்காமல் பெருகிப் புளிக்க வைத்துவிடும். அந்தப் புளிப்பில் நாரைத் தின்னும் நல்ல கூட்டம் செத்துப்போகும். மாடு சாய்ந்துவிடும்.

இதை முப்பது வருஷம் ஊர் ஊராகச் சொன்னவன் நான். ஆனால் என் வீட்டில் மூன்று வேளையும் வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசிச் சோறு. மலச்சிக்கலுக்கு ராத்திரியில் மாத்திரை. ஒரு நாள் டாக்டர் கேட்டார்: "உங்க மாட்டுக்கு வெறும் அரிசியைப் போட்டா என்ன ஆகும்?" எனக்குப் பேச்சு வரவில்லை.

நமக்கு மாடு மாதிரி பெருவயிறு கிடையாது. ஆனால் பெருங்குடல் இருக்கிறது. ஒரு மனுஷன் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பங்கு பெருங்குடலில்தான். நாம் செரிக்க முடியாமல் விட்ட நாரை அவை தின்று, மாட்டு வயிற்றில் உண்டாகிற அதே அமிலங்களை இங்கேயும் உண்டாக்குகின்றன. அதில் பியூட்டிரிக் அமிலம் என்று ஒன்று; பெருங்குடலின் உட்சுவருக்கு முக்கியமான சாப்பாடே அதுதான். நார் போகாவிட்டால் பாக்டீரியாவும் பட்டினி, குடல் சுவரும் பட்டினி.

இதிலே நம்ம பக்கத்திலேயே நடந்த ஒரு ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராமகிருஷ்ணாவும் மற்றவர்களும் காலரா வந்த 48 பேருக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தார்கள். சிலருக்கு வழக்கமான கரைசல். சிலருக்கு அரிசி மாவு கலந்தது. சிலருக்கு லிட்டருக்கு 50 கிராம் வீதம், சிறுகுடலில் செரிக்காத ஒரு தனி வகை மக்காச்சோள மாவு கலந்தது. செரிக்காத மாவு குடித்தவர்களுக்குத்தான் பேதி சீக்கிரம் நின்றது. 2000-இல் இது வெளிவந்தது. செரிக்காத பொருள் எப்படி மருந்தாகும்? அந்த மாவு பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது, பாக்டீரியா அதை அமிலமாக்குகிறது, குடல் அந்த அமிலத்தை உறிஞ்சும்போது உப்பையும் தண்ணீரையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. (நீங்கள் வீட்டில் மாவு கலக்க வேண்டாம். பேதி என்றால் சுகாதார நிலையத்தில் கொடுக்கிற உப்பு சர்க்கரைப் பொட்டலமே போதும்.) சோறு வெந்து ஆறும்போதும் இந்த மாதிரி செரிக்காத மாவு கொஞ்சம் உண்டாகிறது. பழையதைக் கேவலமாக நினைக்கிற பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இப்போது நம்ம தட்டுக்கு வருவோம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்தால், 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார் 3 கிராம்கூட இல்லை. கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11, சோளத்தில் சுமார் 10. நாளெல்லாம் 400 கிராம் அரிசி தின்றாலும் 11 கிராம்தான் தேறும். அதில் 100 கிராமை எடுத்துவிட்டு ஒரு வேளை கேழ்வரகுக் களி கிண்டினால் 19 ஆகிவிடும். மிச்சத்தை அவரை, கொள்ளு, கீரை, கொய்யாப்பழம் பார்த்துக்கொள்ளும்.

கல்வராயன் மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் இன்றைக்கு நிறைய மரவள்ளி நிற்கிறது. காசுக்கு அது வேண்டும், குறை சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து வரும் ஜவ்வரிசி அநேகமாக வெறும் மாவு. நார் அதில் தேடினாலும் கிடைக்காது. சாமையைக் கைவிட்டதற்கு விலை மட்டும் காரணமில்லை. உரலில் போட்டுக் குத்திப் புடைக்கிற வேலை முழுக்கப் பெண்கள் தலையில்தானே விழுந்தது! இப்போது அரைத்துக் கொடுக்க இயந்திரம் இருக்கிறது. மில்காரரிடம் மட்டும் சொல்லி வையுங்கள்: உமி போனால் போதும், தவிட்டை விட்டுவிடு என்று. கடையில் வாங்கினாலும் பளபளவென்று வெளுத்த சாமையை விட மங்கலாக இருப்பதை எடுங்கள். தவிட்டுச் சாமை சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்வது நல்லது.

மாட்டுக்குத் தீனியை ஒரே நாளில் மாற்றக்கூடாது இல்லையா? மனுஷனுக்கும் அதே. திடீரென்று மூன்று வேளையும் களி தின்றால் வயிறு உப்பும், காற்றுப் பிரியும், "இதெல்லாம் நமக்கு ஒத்துக்கலை" என்று விட்டுவிடுவீர்கள். முதல் வாரம் ஒரு கரண்டி, பிறகு அரை வயிறு, அப்புறம் ஒரு வேளை என்று ஏற்றுங்கள். தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும். சளி பிடித்தவுடன் மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்கி ஆன்டிபயாட்டிக் மாத்திரை போடாதீர்கள். அது நல்ல கிருமியையும் சேர்த்துக் கொல்லும்.

இன்னொன்று. மலத்தில் ரத்தம் வந்தால் "மூலச்சூடு, களி தின்னா சரியாப்போகும்" என்று வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம். மூலமாகவும் இருக்கலாம், குடல் புற்றாகவும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிடுங்கள்.