பறை யாருக்கு இழிவு?

(மதுரையை அடுத்த கிராமமொன்றில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நம்மைப் பேசச் சொன்ன விஷயம், பறையாட்டத்தைப் பழக்கி மேடையேற்றி வரும் அலங்காநல்லூர் வேலு ஆசான் அவர்களின் தொண்டைப் பற்றியதாகும். அலங்காநல்லூர் என்றவுடன் எல்லோருக்கும் ஜல்லிக்கட்டு ஞாபகம் வரும். மாட்டைப் பற்றிப் பேச லட்சம் பேர் இருக்கிறார்கள். அந்த மாட்டுத் தோலைப் பேச வைக்கிற மனிதரைப் பற்றிப் பேச இத்தனை நாள் ஆள் இல்லை. 2025-ம் வருஷம் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்த பிறகுதான் பல பேருக்குக் காது திறந்தது.

நாம் விருதைப் புகழ வரவில்லை. விருது கொடுத்தவர்களும் கை தட்டியவர்களும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பறை இன்று கௌரவமானது என்றால், நேற்று அது எதனால் இழிவாயிற்று?

தோலினால் இழிவு என்பார்கள். அப்படியானால் சபா மேடையில் வாசிக்கும் மிருதங்கம் எதனால் ஆனது? அதுவும் பசு, எருமை, ஆட்டுத் தோல்தானே! அந்தத் தோலைப் பதப்படுத்தி மிருதங்கம் செய்து கொடுக்கும் தொழிலாளிகளைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதை வெளியிடச் சென்னை கலாக்ஷேத்திரம் முதலில் இடம் கொடுத்துவிட்டுப் பிறகு மறுத்துவிட்டது. வாத்தியத்துக்கு உள்ளே இடம் உண்டு. அதைச் செய்தவன் கதைக்கு இடமில்லை!

சாவுக்கு அடிப்பதால் இழிவு என்பார்கள். சாவு வீட்டில் மந்திரம் சொல்லித் தட்சணை வாங்குகிறவருக்கு அந்த இழிவு ஏன் ஒட்டவில்லை? பறை சாவுக்கு மட்டுமா அடிக்கப்படுகிறது? திருவிழா அறிவிக்கவும் பறை, சாமி இறங்கவும் பறை. பறைச் சத்தம் கேட்டு ஓடிவந்து ஒருவன் மேல் ஏறி ஆடுகிற சாமிக்குத் தீட்டில்லையாம். அடித்தவன் கோயில் படி ஏறினால் அதே சாமிக்குத் தீட்டாம்! மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒதுக்கப்பட்ட ஜாதியார் கால் வைத்ததே 1939 ஜூலை 8-ந் தேதிதான் என்பதை மறக்க வேண்டாம்.

பழங்காலத்தில் இப்படி இல்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை முதலியவற்றோடு பறையையும் சேர்த்துச் சொல்லுகிறது. பறைதல் என்றால் சொல்லுதல். ஆகவே இழிவு தோலிலும் இல்லை, சத்தத்திலும் இல்லை. இன்ன ஜாதியான் அடிக்கத்தான் வேண்டும், மற்றவன் தொடக்கூடாது என்ற கட்டாயத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கட்டாயத்தை ஒழிக்க இரண்டு வழி பார்த்தார்கள். ஒடுக்கப்பட்ட தோழர்கள் பலர், “இனி அடிக்க மாட்டோம்” என்று பறையைப் போட்டு உடைத்தார்கள், கொளுத்தினார்கள். அவர்கள் கோபம் முழுக்க நியாயமானது. வேறு சிலர், “அடிமைத்தனத்தை விடுவோம், வாத்தியத்தை விடமாட்டோம்” என்றார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) பறையைக் கிறிஸ்தவ வழிபாட்டுக்குள் கொண்டு போனார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்களே பறையைத் தோளில் மாட்டி ஆடுகிறார்கள். பெண் பறையைத் தொடுவதா என்றவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

வேலு ஆசான் இந்த இரண்டாவது வழியில் நடந்தவர். சமர் கலைக்குழுவை நடத்தி, பிள்ளைகளைப் பழக்கி, தெருவில் அடித்ததை மேடைக்குரிய ஆட்டமாக ஒழுங்குபடுத்தினார். இந்த ஆட்டம் லேசான காரியமல்ல. பறையை வைக்கோல் தீயில் காட்டித் தோலை முறுக்கேற்ற வேண்டும். இடது தோளில் மாட்டி, ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சியும் மறு கையில் குட்டையான தடித்த குச்சியும் பிடித்து அடிக்க வேண்டும். இரண்டு கையும் தாளத்தில் கட்டுண்டிருக்கும்போது, கால் அடவு வைக்க வேண்டும். வரிசையில் இருப்பவர்கள் வட்டமாகி, எதிரெதிராகி, உட்கார்ந்து எழுந்தாலும் அடி பிசகக்கூடாது. இதற்கு வேண்டியது பயிற்சியேயன்றிப் பிறப்பல்ல. பிறப்பினால் வருவதாயிருந்தால் ஆசான் எதற்கு?

“ஆசான்” என்ற சொல்லைக் கவனியுங்கள். பறையடிக்கும் கிழவரைப் பத்து வயதுப் பையன் “டேய்” என்று கூப்பிட்ட நாடு இது. அந்த நாட்டில் பறையடிக்கும் ஒருவரைப் படித்தவர்களும் பெண்களும் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் “ஆசான்” என்று கூப்பிட்டு, அவர் முன் நின்று பழகுகிறார்கள் என்றால், பத்மஸ்ரீயைவிட அதுவே பெரிய விருது என்போம். சதிர் 1930-களில் பரத நாட்டியமென்று பெயர் மாற்றிக்கொண்டு சபா ஏறியது. பெயரோடு ஆடுகிறவர்களின் ஜாதியும் மாறி, பரம்பரையாக ஆடியவர்களில் பெரும்பாலோர் வெளியே நின்றார்கள். பறையோ, பெயரை மாற்றிக்கொள்ளாமலே மேடை ஏறியிருக்கிறது. அடித்தவர்களையும் வெளியே நிறுத்தாமல் இருக்க வேண்டும் என்பதே நம் கவலை.

ஆனால் தோழர்களே, மேடையில் கை தட்டியதோடு வேலை முடிந்துவிடாது. 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையையும், 23-வது பிரிவு கட்டாய வேலையையும் தடுக்கின்றன. உங்கள் ஊரில் நாளை ஒரு சாவு விழுந்தால், “நான் வரமாட்டேன்” என்று ஒருவர் பயமில்லாமல் சொல்ல முடியுமா? சொன்னபின் அவருக்குக் கடையில் சாமான் கிடைக்குமா? வயலில் வேலை கிடைக்குமா? வருகிறவருக்குப் பேசிய கூலி மரியாதையோடு கையில் கொடுக்கப்படுமா?

இவற்றிற்கெல்லாம் ஆம் என்று சொல்ல முடிகிற ஊரில்தான் பறை கலை. மற்ற ஊரில் அது இன்னும் விலங்குதான். ஆகையால் வேலு ஆசானைப் பாராட்ட விரும்புகிறவர்கள் மாலை வாங்கிக்கொண்டு அலங்காநல்லூர் போக வேண்டியதில்லை. உங்கள் ஊரில் அந்தக் கட்டாயத்தை ஒழியுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பறை பழக அனுப்புங்கள். இரண்டையும் செய்யத் துணிந்தவர் எத்தனை பேர் என்று இக்கூட்டத்தைக் கேட்டு, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.