சிங்கப்பூரில் சில தினங்கள்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



சிங்கப்பூரில் கண்டவற்றைச் சொல்லும்படி காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். வானளாவும் மாளிகைகளைப்பற்றி நம் இளைஞர்களே வேண்டியமட்டும் பேசுகிறார்கள், அவற்றை விடுகிறேன்.

ஸௌத் பிரிட்ஜ் ரோடு ஒன்றிலேயே, சூலியா முஸ்லிம்கள் 1826-ல் ஸ்தாபித்த மசூதியும், 1827-ல் தோன்றிய மாரியம்மன் ஆலயமும், 2007-ல் திறக்கப்பெற்ற புத்த தந்த ஆலயமும் இருக்கின்றன. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் அங்கே அரசாங்க பாஷைகள். அரசாங்க அடுக்கு வீடுகளில், ஓர் இனத்தார் குறித்த விகிதத்துக்குமேல் ஒரே கட்டடத்தில் சேரலாகாதென்று 1989 முதல் விதியுமுண்டு. சங்கம் வைத்திருக்கும் நமக்கு இது சற்று விசித்திரமாகத் தோன்றலாம்.

என் மனத்தை விட்டகலாதது, 1862-ல் பிரதிஷ்டையான ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் வெண்சுவரே. சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும், சர்க்கரையும், தேங்காய் மட்டை ஊறிய நீரும் சேர்த்த மதராஸ் சாந்து அதற்குப் பூசப்பட்டது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதிகள். போகும் ஊரிலெல்லாம் நம்மவரை விசாரித்து விலாசம் குறித்துக்கொள்வது என் வழக்கமென்பதை அறிவீர்கள். அங்கும் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். அக்கைதிகளில் நம்மவர் எத்தனை பேரென்று யாரைக் கேட்பது? கேட்டுத்தான் ஆவதென்ன? புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, சற்று நேரம் அச்சுவரருகே நின்றிருந்தேன்.