வலையின் எல்லையும் கடலின் எல்லையும்

‘ஆழ்கடல் தரை: சூழலும் உயிர்களும்’ என்பது நம் கருத்தரங்கின் பொருள். அழுத்தம், இருள், மேலிருந்து உதிரும் உணவு, 1977இல் கலபாகோஸ் அருகே கண்ட வெந்நீர் ஊற்றுகள் ஆகியவற்றை அமர்வுகள் விரிவாகப் பேசும். நான் எடுத்துக்கொள்வது ஒரு பழைய வழக்கை மட்டுமே.

300 பாகத்துக்குக் கீழே, அதாவது சுமார் 550 மீட்டருக்குக் கீழே, உயிர் அற்றுப்போகும் என்று இயற்கையியலாளர் எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1840களில் கருதினார். 1872இல் புறப்பட்ட சேலஞ்சர் ஆய்வுக் கப்பல் அதைப் பொய்யாக்கியது என்று நம் பாடநூல்கள் சொல்கின்றன. அவற்றை எழுதிய மூத்தோரை மதிக்கிறேன். ஆனால் இந்தச் சுருக்கத்தை ஏற்க மாட்டேன். 1860இல் புல்டாக் கப்பலில் சென்ற இயற்கையியலாளர் ஜார்ஜ் வாலிச்சுக்கு, 1,260 பாகம் இறங்கிய கயிற்றில் நொறுங்கு நட்சத்திரங்கள் என்ற கடலுயிர்கள் கிடைத்தன. அவை நடுநீரில் பற்றியிருக்கலாம் என்ற ஐயத்துக்கு, அவற்றின் வயிற்றில் இருந்த, கடலடியில் கிடக்கும் குளோபிஜெரினா என்ற நுண்ணுயிரியின் ஓடுகளை அவர் விடையாகக் காட்டினார். அந்த உயிரி மேல்நீரில் மிதப்பது என்பதை இன்று அறிவோம். எனவே அந்தச் சான்று தனித்து நிற்காது. வழக்கைத் தீர்த்தது ஒரு தந்தி வடம். சார்டினியாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் இடையே பழுதுபட்டு, அதே 1860இல் மேலே இழுக்கப்பட்ட அந்த வடத்தில், 2,000 மீட்டருக்கும் கீழே கிடந்த துண்டுகளை விலங்கியலாளர் அல்ஃபோன்ஸ் மில்ன்-எட்வர்ட்ஸ் ஆராய்ந்தார். அவற்றில் பவளங்கள் இருந்தன. அவற்றின் அடிப்பாகம் வடத்தின் மேடுபள்ளத்துக்கு இசைந்து படிந்து இறுகியிருந்தது. மேலே வரும் வழியில் ஒட்டிக்கொண்ட உயிர் அப்படி வளர்ந்திருக்க முடியாது. சேலஞ்சர் புறப்படுவதற்குப் பத்தாண்டு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

ஃபோர்ப்ஸ் ஏஜியன் கடலைக் கொண்டே எச்சரிக்கையோடு ஊகித்தார் என்று சிலர் மறுப்பர். அது உண்மைதான். ஆழத்தில் உயிர்கள் குறைந்த ஒரு கடலின் கணக்கை எல்லாக் கடல்களுக்கும் சட்டமாக்கியவர்கள் பின்வந்தோர். வலையில் சிக்காததை இல்லை என்று கொள்ளும் பழக்கமும் எளிதில் விடவில்லை. கடல் உயிரியலாளர்கள் ஹெஸ்லரும் சாண்டர்சும் அடிச்சறுக்கு வலையையும் நுண்கண் சல்லடையையும் பயன்படுத்தி 1967இல் முடிவுகளை வெளியிட்ட பிறகே, ஆழ்கடல் சேற்றில் எத்தனை இனங்கள் உள்ளன என்பது தெளிவாயிற்று.

இது வெறும் வரலாற்றுச் சண்டை அன்று. ஆழ்கடல் தரையில் கிடக்கும் மாங்கனீசு முடிச்சுகளை அள்ள விரும்புவோர், அங்கே உயிர் அடர்த்தி குறைவு, ஆகவே இழப்பும் குறைவு என்கிறார்கள். அடர்த்தி குறைவுதான், ஆனால் அது இனங்களின் எண்ணிக்கையையோ மீளும் திறனையோ சொல்வதில்லை. பெரு நாட்டுக்கு அப்பால் உள்ள ஆழ்கடல் படுகையில் 1989இல் உழுது பார்த்த தடங்கள் 26 ஆண்டுகளுக்குப் பிறகும் அழியவில்லை. பஞ்சுயிரிகளும் பவளங்களும் பற்றி வாழும் அந்த முடிச்சுகளோ பத்து லட்சம் ஆண்டில் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. மின்கலங்களுக்கு உலோகம் வேண்டும் என்பது நியாயமான வாதம். ஆனால் நமக்குள்ள தேவை கடலடியின் நிலைக்குச் சான்றாகாது. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டருக்கு ஆய்வு உரிமை பெற்றுள்ள நம் நாட்டுக்கும் இது பொருந்தும்.

எனவே இந்த அவை ஒரு நெறியை ஏற்க வேண்டுகிறேன்: ‘இங்கே உயிர் இல்லை’, ‘குறைவு’ என்று எழுதும் எவரும், எந்தக் கருவியால், எத்தனை பரப்பில், எவ்வளவு காலம் தேடினார் என்பதையும் அதே வரியில் எழுதட்டும். அது இல்லாத கூற்றைச் சுரங்க அனுமதிக்கு ஆதாரமாக நாம் ஏற்கலாகாது. இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.