அரண்மனைப் பண்ணையிலிருந்து ஏழையின் தொழுவத்துக்கு



இந்தியாவில் பசுக்களுக்குச் செயற்கை முறைக் கருவூட்டல் முதன்முதலாக நடந்த இடம் மைசூரு. 1939-இல் அங்கிருந்த அரண்மனைப் பால்பண்ணையில், சம்பத் குமரன் என்ற அறிவியலாளர் ஹோல்ஸ்டீன் பிரீசியன் காளையின் விந்தைச் செலுத்தி ஹள்ளிகார் பசுக்களைச் சினைப்படுத்தினார். அதற்கு முன்பே, ரஷ்ய விஞ்ஞானி இல்யா இவானோவ் வளர்த்தெடுத்த இம்முறையைச் சோவியத் கூட்டுப்பண்ணைகள் பெருமளவில் கையாண்டன.

இதில் உழைப்பாளிக்கு என்ன ஆதாயம்? ஒரு பொலிகாளையிடம் ஒருமுறை எடுக்கும் விந்தைப் பகுத்துப் பல பசுக்களுக்குச் செலுத்தலாம். காளை வளர்க்க வசதியற்றவரின் தொழுவத்திலும் நல்ல கன்று பிறக்கலாம்.

ஆனால், அறிவியல் கண்டது தானாக ஏழையிடம் போய்ச் சேர்வதில்லை. பசு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. அது பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தணிந்துவிடும். அந்நேரத்தில் சினை ஊசி போட ஆள் வராவிட்டால், மேலும் மூன்று வாரத் தீவனச் செலவு வீண். ஒற்றைப் பசுவை நம்பிய நிலமற்ற குடும்பத்துக்கு அது கடன்.

பெரும்பாலும் கிடாரிக் கன்றுகளையே தரும், பாலினம் பிரித்த விந்து நுட்பமும் நெடுங்காலம் பன்னாட்டு நிறுவனங்களின் காப்புரிமைக்குள் இருந்தது. 2024-இல் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியத்தின் உள்நாட்டு நுட்பம் வெளிவந்தது. பொது நிறுவனங்களால் இயலும் என்பதற்கு இது சான்று.

ஆகவே, ஆய்வுக்குப் பொதுநிதி, கிராமந்தோறும் எட்டும் கால்நடை மருத்துவப் பணியாளர், கூட்டுறவுச் சங்கங்கள் வழியே மலிவு விலையில் சினை ஊசி ஆகியவை விவசாய இயக்கத்தின் முழக்கங்களாக ஒலிக்கட்டும்!