வெப்பக் காப்பும் கட்டட விதிகளும்: கேரள எல்லைப்புறப் பகுதிகள்

பாலக்காட்டுக் கணவாயில் மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கிறது. கோடையில் அவ்வழியே வரும் வறண்ட காற்று வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சிற்றூர் வட்டாரங்களைச் சுடுகிறது. 2016, 2024 ஆகிய ஆண்டுகளின் ஏப்ரல் மாதங்களில் இம்மாவட்டத்தில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டிற்று. தெற்கே, இடுக்கி மாவட்டத்தில் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றிலோ சனவரி இரவுகளில் புல்வெளியில் உறைபனி படிவதுண்டு. எனினும், இரண்டு இடங்களிலும் எழும்புபவை பெரும்பாலும் ஒரே வகைக் கான்கிரீட் தளங்களும் தகரக் கூரைகளுமே.

மத்திய மின்சக்தி அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ குடியிருப்புகளுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பாகும். உள்ளுக்கும் புறத்துக்கும் ஒரு பாகை வேறுபாடு இருக்கும்போது, கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கலாகாது என்பது அதன் வரம்பு. வெறும் கான்கிரீட் தளம் இதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தைக் கடத்தும். தளத்தின் மீது ஓர் அங்குலக் கனமுள்ள பாலிஸ்டைரீன் நுரைப்பலகையைப் பதித்து, முறையான நீர்க்காப்பும் தட்டோடும் இட்டால் வரம்புக்குள் வந்துவிடும். தனி வீட்டின் கூரை நாள் முழுதும் வெயிலை ஏற்பதால், பாலக்காட்டில் கைப்பணம் முதலில் கூரைக்கே செல்ல வேண்டும்.

சுண்ணாம்பு வெள்ளை பூசிய தளம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் மேற்கூறிய கடத்து எண்ணில் அந்நன்மை தென்படாது. படிவத்தில் இடமில்லை என்பதற்காக அதிகாரிகள் இந்த மலிவான முறையை ஒதுக்குவது பொருத்தமன்று. பழைய வீடுகளில் ஓட்டுக்கூரைக்கும் மரமச்சுக்கும் இடையே நின்ற காற்றும் வெப்பக் காப்பாகவே பணி செய்தது.

மலைப்பகுதியில் குளிரைவிட ஈரமே பெரிய பகை. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் பருவமழை மாதக்கணக்கில் நீடிக்கிறது. அறையின் வெப்பமான காற்று குளிர்ந்த தகரத்தின் அடியில் பட்டு நீர்த்துளியாகச் சொட்டுகிறது. திறந்த கண்ணாடி இழைப் பஞ்சை அங்கே வைத்தால் அது நனைந்து பயனற்றுப் போகும். நீர் புகாத நுரைப்பலகையும், அதன் உட்புறத்தில், அதாவது வெப்பம் மிகுந்த பக்கத்தில், ஆவித் தடுப்புத் தாளும் தேவை. சமையலறைப் புகையும் ஆவியும் வெளியேற வழியும் இருத்தல் வேண்டும். நுரைப்பலகை எளிதில் தீப்பற்றும், நச்சுப் புகையையும் கக்கும். விறகடுப்பு எரியும் வீட்டில் அதைப் பூச்சோ தீத்தாங்கும் பலகையோ கொண்டு மூடாமல் விடுவது ஆபத்தாகும்.

இவ்விதித்தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளில் கட்டப்படும் குடியிருப்புகளுக்கென வகுக்கப்பட்டது. அதாவது சுமார் 12 சென்ட். மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தம் கட்டட விதிகளில் சேர்க்கும்போதே அது நடைமுறைக்கு வரும். பிரதம மந்திரி கிராமப்புற வீட்டுவசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்ச அளவோ 25 சதுர மீட்டர். 1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டு வசதியை முதலாளியின் கடமையாக்கிற்று. ஆயினும் தேயிலைத் தோட்ட லயங்களின் தகரக் கூரை இந்த வரம்பின் கண்ணில் படுவதில்லை. குளிர்சாதனம் வாங்க இயலாத குடும்பத்துக்கே காப்புள்ள கூரை மிகவும் தேவைப்படுகிறது. விதியோ பெரிய மனையிலிருந்து தொடங்குகிறது.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரசு உதவியுடன் கட்டப்படும் சிறு வீட்டின் மதிப்பீட்டில் கூரைக் காப்பைத் தனி இனமாகச் சேர்க்கலாம். தளம் இட்டு முடிந்தபின் தட்டோட்டைப் பெயர்த்துச் செய்வதைவிட, கட்டும்போதே பதிப்பது செலவு குறைவு.