நோயாளருக்கு விளங்கும் மருத்துவம்



1991-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும், எழுத்தறிந்தோர் அனைவரும் மருந்துச் சீட்டின் பொருளை அறிந்தோர் ஆகார். தேவிகுளம் வட்டத்தில் இவ்வேறுபாடு தனிக்கவனம் பெற வேண்டியது.

1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது கேரளத்தில் அமைந்த இம்மலைப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருகின்றனர். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்க்கு மருத்துவ வசதி அளிப்பதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. மருத்துவமனை கிடைத்தது, ஆனால் அங்கே பேச்சு மலையாளத்திலும், சீட்டு ஆங்கிலத்திலும், நோயாளியின் சிந்தனை தமிழிலும் அமையக்கூடும். மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர். நெடுநாள் வாழ்வோர் இவற்றை அறிவர். புதிதாக வந்தவர் மயங்கலாம்.

தமிழில் சொன்னால் மட்டும் போதுமா? ‘நாளைக்கு மூன்று மாத்திரை’ என்னும் தொடர் ‘ஒரு நாளுக்கு’ என்றும் பொருள்படும். ‘மறுநாள்’ என்றும் பொருள்படும். எனவே நோயாளரின் புரிதலை அளந்தறிவது இன்றியமையாதது.

எவ்வாறு அளப்பது? 1993-இல் அமெரிக்காவில் சுருக்கி அமைக்கப்பட்ட ஒரு சோதனை, 66 மருத்துவச் சொற்களை உரக்கப் படிக்கச் செய்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி மிகுதி. ஆதலின் சொல்லை ஒலிப்பதே அதனுடன் உள்ள பழக்கத்தைக் காட்டும். தமிழிலோ ‘நீரிழிவு’ என்பதைப் பொருளறியாதவரும் பிழையின்றிப் படித்துவிடுவர். அச்சோதனையை மொழிபெயர்ப்பதால் பயனில்லை.

நடைமுறைப் பொருளைக் கொண்டு வினவுவதே பொருத்தம். ஒரு லிட்டருக்கான உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் காட்டி, ‘எவ்வளவு நீரில் கரைப்பீர்கள்? கரைத்ததை எத்தனை மணி நேரம் வைத்திருக்கலாம்?’ என்று கேட்கலாம். ஒரு லிட்டர், 24 மணி நேரம் என்பன விடைகள். இதனைப் பிறர் செவிபடாமல் கேட்க வேண்டும். கூச்சம் உண்மையை மறைத்துவிடும்.

எல்லோரையும் சோதிக்க நேரமில்லாத இடத்தில், மருந்து கொடுத்தபின், ‘வீட்டில் இதை எப்படிச் சாப்பிடுவீர்கள்?’ என்று கேட்டு, நோயாளியின் வாயாலேயே சொல்லச் செய்யலாம். ‘புரிந்ததா?’ என்றால் தலையசைப்பே விடையாகும். திரும்பச் சொல்வதில் பிழை நேரின், அது நோயாளியின் தோல்வியன்று. விளக்கம் போதவில்லை என்பதன் அடையாளம். மருத்துவர் மீண்டும், எளிய சொற்களில் விளக்க வேண்டும்.

தமிழறிந்த செவிலியர், தமிழில் அச்சிட்ட மருந்துக் குறிப்பு, காலை–நண்பகல்–இரவு என்பவற்றைக் காட்டும் படங்கள் ஆகியன பெருஞ்செலவு கோருவன அல்ல. மருந்து நோயாளியின் கையைச் சேர்வதோடு மருத்துவம் நிறைவுறுவதில்லை. அதன் முறை அவர் மனத்தையும் சேர வேண்டும்.